தொடுப்புப் பட்டியல்: ஒரு சொல் விளக்கம்

கணினியில் தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைக்கும் அமைப்பும், நிரலாளர் பணிக்கான நேர்காணல்களில் அடிக்கடி எதிர்ப்படுவதுமான 'லிங்க்டு லிஸ்ட்' என்பதை 'இணைக்கப்பட்ட பட்டியல்' என்று தமிழில் எழுதுவது வழக்கமாகியுள்ளது. அது பிழையன்று; ஆயினும் 'தொடுப்புப் பட்டியல்' என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு.

1955–56இல் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகிய ஆய்வாளர் மூவரும் தங்கள் ஐ.பி.எல். (இன்ஃபர்மேஷன் ப்ராசசிங் லாங்குவேஜ்) நிரல்மொழிக்காக இவ்வமைப்பை உருவாக்கினர். இதன் எளிய வடிவில் ஒவ்வொரு கணுவும் (பட்டியலின் உறுப்பும்) தன் மதிப்போடு, அடுத்த கணு நினைவகத்தில் எங்கே உள்ளது என்னும் சுட்டையும் வைத்திருக்கும். முந்தைய கணுவை அது அறியாது. 'இணைத்தல்' என்னும் சொல்லில் இந்தத் திசை இல்லை. பூத் தொடுப்பவர் ஒரு முனையில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போவதால், 'தொடுத்தல்' என்றவுடன் வரிசையும் திசையும் சேர்ந்தே மனத்தில் எழுகின்றன.

ஆங்கில 'லிங்க்' முதலில் சங்கிலியின் வளையத்தைக் குறித்தது. தமிழிலோ 'தொடு' என்னும் வேரிலிருந்து வந்த 'தொடர்' என்பதற்கே சங்கிலி என்னும் பொருள் உண்டு: புறநானூற்றின் 74ஆம் பாட்டில் வரும் 'தொடர்ப்படு ஞமலி' சங்கிலியால் கட்டப்பட்ட நாய். இரு மொழிகளும் ஒரே படிமத்தை வந்தடைந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

இச்சொல்லின் வலிமை எண் கோட்பாட்டுக் கணக்கிலும் தெரியும். ஓர் எண்ணின் இலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டிக்கொண்டே போனால் 1 கிடைக்குமா என்பது நேர்காணல்களில் கேட்கப்படும் 'மகிழெண்' வினா; 1 கிடைத்தால் தொடங்கிய எண் மகிழெண். 19இல் தொடங்கினால் 82, 68, 100, 1 என்று முடிகிறது. 4இல் தொடங்கினாலோ 16, 37, 58, 89, 145, 42, 20 என்று சுற்றி மீண்டும் 4க்கே வருகிறது. இங்கே நினைவகத்தில் பட்டியல் எதையும் நாம் அமைக்கவில்லை. எனினும் ஒவ்வோர் எண்ணும் அடுத்ததைத் தானே சுட்டுவதால் இதுவும் ஒரு தொடுப்பே. ஆகவே, தொடுப்புப் பட்டியலில் சுழல் உள்ளதா என்று கண்டறிய உதவும், கணினி அறிவியலாளர் ராபர்ட் ஃபிளாய்டின் பெயரால் வழங்கும் ஆமை–முயல் முறையை இங்கும் அப்படியே கையாளலாம்: ஒரு சுட்டு ஒவ்வோர் அடியாகவும் மற்றொன்று இரண்டிரண்டு அடியாகவும் நகர, இரண்டும் 1 அல்லாத எண்ணில் சந்தித்தால் தொடங்கிய எண் மகிழெண் அன்று. பேரெண்களின் காரணிகளைத் தேட 1975இல் கணிதவியலாளர் ஜான் பொல்லார்டு அளித்த 'ரோ' முறையும் இத்தகைய சுழலைத் தேடுவதே. நேராகச் சென்று வளையத்தில் முடியும் தொடுப்பு, கிரேக்க எழுத்தான ரோவின் (ρ) வடிவில் இருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது.