எறியம்: சொல் விளக்கம்

கையையோ கவணையோ சாய்தளத்தையோ விட்டு நீங்கியபின், தன் நிறையின் (புவி இழுக்கும் விசையின்) தாக்கத்தால் மட்டும் இயங்கும் பொருள் எறியம். வளித்தடையைப் புறக்கணிக்கலாம் என்ற எடுகோளும் இந்த வரையறைக்குள் அடங்கும். இலங்கையில் உயர்தரப் பௌதிகவியலிலும் இணைந்த கணிதத்திலும் நாம் வழங்கும் சொல் இது. தமிழகப் பாடநூல்கள் எறிபொருள் என்கின்றன.

எறி + அம். இடையில் யகரம் உடம்படுமெய். உந்து என்பதிலிருந்து உந்தம் வந்ததும் இப்படித்தான். ஆனால் உந்தம் ஒரு கணியம் (அளந்து எண்ணால் சொல்லும் அளவு), எறியம் ஒரு பொருள். 'எறியத்தைக் கணிக்க' என்று எழுதும் மாணவரை இந்த ஈறுதான் ஏமாற்றுகிறது. பழந்தமிழில் எறிதல் வீசுவதை மட்டும் குறிக்கவில்லை. புறநானூறு 312இல் 'களிறெறிந்து' என்றால் யானையை வெட்டி வீழ்த்தி என்று பொருள். ஆங்கிலச் சொல்லான புரொஜெக்டைல், முன்னே என்னும் 'புரோ'வும் எறிதல் என்னும் 'யாகெரே'யும் சேர்ந்த லத்தீன் மூலத்திலிருந்து வந்தது. ஆகவே எறியம் பொருத்தமான பெயர்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எறி என்ற வினை பெயருக்குள்ளேயே நிற்பதால், எறிந்த விசையும் பொருளோடு கூடவே போகிறது என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். பறக்கும் பந்தின் விசைப்படம் கீறச் சொன்னால், நிறைக்கு ஓர் அம்பும் போகும் திசையில் இன்னோர் அம்பும் வரும். இரண்டாவது அம்பு பிழை. 'இந்த விசையைக் கொடுப்பது எது?' என்று கேட்டால் போதும். கை பந்தைத் தொட்டுக்கொண்டில்லை. மாறாக, தென்னையிலிருந்து தானாக விழும் தேங்காயை யாரும் எறியவில்லை. ஆனாலும் அதற்கும் அதே சமன்பாடுகள்தான். கிடை வேகம் பூச்சியம், அவ்வளவே.

எறிகணை (ஷெல்) என்ற சொல்லைக் கிழக்கிலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. குழலை விட்டு வெளியேறிய எறிகணை, வளித்தடையை விட்டுவிட்டால், எறியமே. இயந்திரம் எரிந்துகொண்டிருக்கும் ஏவுகணை எறியம் அல்ல.

விளக்கிக் காட்ட முதலில் இரண்டு நாணயங்கள் போதும். அடிமட்டத்தின் (அளவுகோலின்) ஒரு முனையை மேசைக்கு வெளியே நீட்டி, அதன்மேல் ஒரு நாணயத்தை வைக்கவும். மற்றதை மேசை விளிம்பில் அடிமட்டத்தை ஒட்டி வைக்கவும். அடிமட்டத்தைப் பக்கவாட்டில் சட்டெனத் தட்டினால் ஒன்று நேரே விழும், மற்றது பாய்ந்து விழும். சீமெந்துத் தரையில் ஒரே சத்தம் கேட்க வேண்டும். இரண்டு கேட்டால், தட்டும்போது அடிமட்டம் மேலெழுந்திருக்கும்.

அளப்பதற்கு உருக்குக் குண்டும் சாய்தளமும் தேவை. மூடி கழற்றிய வயர் கேசிங்கின் தவாளிப்பு (நீள்பள்ளம்) நல்ல சாய்தளமாகும். அதை மெல்ல வளைத்து, கடைசி 10 சென்ரிமீற்றரைக் கிடையாக ஒட்டவும். கிடையா என்று பார்க்க அந்தப் பகுதியில் குண்டை வைத்தால் அது எந்தப் பக்கமும் உருளக்கூடாது. முனை 2 பாகை மேல்நோக்கினாலே வீச்சு, அதாவது குண்டு கிடையாகப் போய் விழும் தூரம், ஏறக்குறைய அரைச் சென்ரிமீற்றர் கூடிவிடும். குண்டு விழும் இடத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி, அதன்மேல் காபன் தாளை மைப்பக்கம் கீழாக வைக்கவும். வீச்சை மேசைக்காலிலிருந்து அளக்கக்கூடாது. சாய்தள முனையிலிருந்து குண்டுநூல் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

முனையிலிருந்து தரைக்கு 80 சென்ரிமீற்றர், குண்டை விடும் இடம் முனையைவிட 10 சென்ரிமீற்றர் உயரம் என்று கொள்வோம். அழுத்தசக்தி முழுவதும் நேர்கோட்டு இயக்கசக்தியாக மாறுகிறது எனக் கணித்தால் வீச்சு 57 சென்ரிமீற்றர் வரும். தாளில் விழும் புள்ளியோ 48க்குக் கிட்டத்தான் இருக்கும். உராய்வு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். உருளும் குண்டு சக்தியின் ஒரு பங்கைச் சுழற்சிக்குச் செலவிடுகிறது. திண்மக் கோளத்துக்கு அது ஏழில் இரண்டு. ஆகவே வீச்சு, எஞ்சும் ஏழில் ஐந்தின் வர்க்கமூலமாகிய 0.845 மடங்காகிறது. குண்டு தவாளிப்பின் அடியைத் தொடாமல் இரு விளிம்புகளில் ஏறி உருண்டால் இன்னும் குறையும்.

விழும் உயரத்தை 80இலிருந்து 40 ஆக்கினால் வீச்சு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலோர் 24 என்பார்கள். விடை 34, 24 வருவது 20 சென்ரிமீற்றர் உயரத்தில்தான். கிடைத்தூரம் நேரத்துக்கும், விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கும் விகிதசமம் என்பது இங்கே தாளிலேயே தெரிகிறது. பாதை பரவளைவு ஆவதும் இதனால்தான். கலிலியோ அதை 1638இல் வெளியிட்டார்.

நிறுத்தற்கடிகாரம் இதற்கு உதவாது. 80 சென்ரிமீற்றர் விழ எடுப்பது 0.40 செக்கன், விரல் அழுத்தும் தாமதமே ஏறத்தாழ 0.2 செக்கன். செக்கனுக்கு 240 சட்டகம் எடுக்கும் கைபேசி இருந்தால் ஏறக்குறைய 97 சட்டகங்கள் கிடைக்கும். கைபேசியை இயக்கத் தளத்துக்குச் செங்குத்தாக, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வைக்கவும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரைச்சுவர் வகுப்பறைகளில் மேசைப்பந்து கொண்டு செய்யவே வேண்டாம். காற்றுத்தான் பதில் எழுதும்.

வீச்சு என்ற சொல்லுக்கு வீச்சுவலை எறியும் வாவிக்கரை மாணவரிடம் விளக்கம் தேவையில்லை. ஆனால் தமிழகக் காணொளி பார்ப்பவர் கவனிக்க வேண்டும்: அங்கே இது கிடைத்தள நெடுக்கம், வீச்சு என்பது அலைவின் வீச்சம். நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம், நம் வேகம் அங்கே திசைவேகம், நம் கதி அங்கே வேகம். எல்லாவற்றிலும் ஆபத்தானது நிறை. நமக்கு அது நியூற்றனில் அளக்கும் விசை. அங்கே கிலோகிராமில் அளக்கும் திணிவு. 'விழும் ஆர்முடுகல் நிறையைப் பொறுத்ததல்ல' என்ற வாக்கியம் இரண்டு பொருளிலும் உண்மை என்பதால், குழப்பம் அதில் தெரியாது. விசைப்படத்துக்கு வரும்போதுதான் வெளிப்படும். அம்புக்குப் பக்கத்தில் நிறை என்று எழுதுபவர் அலகையும் சேர்த்து எழுதட்டும்.