சிமுலேஷனில் வால்வு சிக்குவதில்லை

பொறியியல் கல்லூரிகளுக்கு வெளித் தேர்வாளராகப் போகும்போது வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன்: "தம்பி, இந்த வால்வு என்ன சைஸ்?" தம்பி திரையில் இருக்கும் கட்டத்தைப் பார்ப்பார். அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், அதாவது வால்வின் நடத்தையைச் சொல்லும் சமன்பாடுதான் இருக்கும்.

ஃப்ளோ, வெப்பம் போன்றவற்றைத் தானாக வேண்டிய அளவில் நிறுத்தும் கன்ட்ரோல் ஆராய்ச்சியில் பெரும்பகுதி கணிதம், அதில் தவறில்லை. ஆனால் "பழைய பிஐடியைவிட ஓவர்ஷூட் குறைவு" (பிஐடி ஆலைகளில் வழக்கமாக இருக்கும் கன்ட்ரோலர், ஓவர்ஷூட் இலக்கைத் தாண்டிப் போவது) என்று கிராஃப் காட்டும் ஆய்வேடுகளில், அந்தப் பழைய பிஐடி பெரும்பாலும் 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் தந்த சூத்திரப்படி டியூன் செய்ததாக, அதாவது அதன் அளவுகளை அமைத்ததாக இருக்கும். இலக்கைச் சுற்றி ஏறி இறங்கும் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதில் கால் பங்காகக் குறைந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஓவர்ஷூட்டில் அதை ஜெயிப்பது பெரிய காரியமில்லை.

பிளான்ட்டில் கதை வேறு. வால்வின் தண்டான ஸ்டெம் வெளிவரும் கிளாண்டில் கசிவு என்று ஃபிட்டர் அங்கே கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போவார். கசிவு நிற்கும், ஸ்டெம் பிடித்துக்கொள்ளும். ஃப்ளோ செட்பாயின்ட்டுக்கு, அதாவது வேண்டிய அளவுக்கு, கொஞ்சம் கீழே நின்றால், கன்ட்ரோலரில் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டெக்ரல் பகுதி சிக்னலை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். வால்வு அசையாது. அப்புறம் படக்கென்று துள்ளி, தேவைக்கு மேல் திறந்துவிடும். சிக்னல் இறங்கத் தொடங்கும், மறுபடி அதே கூத்து. நேரத்தோடு வரையும் டிரெண்ட் கிராஃபில் கன்ட்ரோலர் அவுட்புட் முக்கோணமாகவும் ஃப்ளோ ஏறக்குறைய சதுரமாகவும் தெரியும்.

இதைப் பார்த்து டியூனிங்கை மாற்றிக்கொண்டே இரண்டு ஷிஃப்ட்டை வீணாக்கியவன் நான். கெயினை, அதாவது பிழைக்குக் கன்ட்ரோலர் காட்டும் வேகத்தை, குறைத்ததில் ஆட்டம் மெதுவானது, நிற்கவில்லை. கடைசியில் ஒரு வயதான ஆபரேட்டர்தான் லூப்பை (அளவீடு, கன்ட்ரோலர், வால்வு சேர்ந்த சுற்றை) மேனுவலில் போட்டு, சிக்னலைக் கையால் நிலையாக வைக்கச் சொன்னார். போட்டதும் ஃப்ளோ கோடு போட்ட மாதிரி நின்றது. வேறெங்கிருந்தோ வரும் ஆட்டமாக இருந்தால் மேனுவலிலும் தொடர்ந்திருக்கும்.

பல்கலைக்கழகத்தில் பிறந்து பிளான்ட்டில் நிலைத்த வேலைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம். கார்ல் யோஹான் ஓஸ்ட்ரோம் 1965-இல் அங்கே பேராசிரியராகும் முன், ஐபிஎம்மில் இருந்தபடி பில்லெரூட் காகித ஆலையின் கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் வேலை செய்தவர். சீக்லர்-நிக்கல்ஸ் முறைக்கு, லூப் ஓயாமல் ஆடும்வரை கெயினை ஏற்ற வேண்டும். ஓடுகிற ஆலையில் யார் விடுவார்கள்? 1984-இல் ஓஸ்ட்ரோமும் டோரே ஹெக்லுண்டும் வேறு வழி சொன்னார்கள். கன்ட்ரோலர் இருந்த இடத்தில் ஒரு ரிலேயை, அதாவது இரண்டே நிலை உள்ள சுவிட்சை, வைத்தால் சிக்னல் சின்ன அளவில் மேலும் கீழும் மாறும். லூப் தானாக, அளவோடு ஆடும். ரிலேயின் வீச்சை 4-ஆல் பெருக்கி, ஆட்ட வீச்சின் பை (π) மடங்கால் வகுத்தால், லூப் ஓயாமல் ஆடும் அந்த எல்லைக் கெயின் கிடைத்துவிடும். இன்று பல கன்ட்ரோலர்களில் உள்ள ஆட்டோ-டியூன் பட்டனுக்குப் பின்னால் இருப்பது இந்த யோசனைதான்.

சிக்கிய வால்வு அந்தச் சோதனையையும் குழப்பும். அதையும் ஹெக்லுண்ட் விடவில்லை. சிக்னலோடு குட்டிக் குட்டித் துடிப்புகளைச் சேர்த்து ஸ்டெம்மைத் தட்டிக்கொண்டே இருக்கும் முறையை 2002-இல் கட்டுரையாக எழுதினார். நம் ஃபிட்டர் சுத்தியலால் செய்வதை அங்கே கன்ட்ரோலரே செய்கிறது!

மாணவர்களிடம் நான் கேட்பது ரொம்பச் சின்ன வேலை. மாடலில் வால்வுக்கு 0 முதல் 100 சதவீதம் என்று வரம்பு போடுங்கள், ஒரு சதவீதம் உராய்வுப் பிடிப்பு சேருங்கள், அதே கிராஃபை மறுபடி வரையுங்கள். போன முறை ஒருவர் அங்கேயே லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். அவருடைய புதுக் கன்ட்ரோலரும் ஆடத் தொடங்கியது. ஏன் என்று அவரே விளக்கினார். மதிப்பெண்ணைத் தாராளமாகவே போட்டேன்.