மகஜருக்கு முன் வர்த்தமானியைப் பாருங்கள்

"எம்பியிட்டச் சொல்லியாச்சு, மகஜரும் குடுத்தாச்சு, இனி என்ன செய்யலாம்?" அரசின் முடிவொன்றை எதிர்க்கும் தவணை முடிந்த பிறகு இந்தக் கேள்வியோடு சட்டத்தரணிகளிடம் வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. கையில் மகஜரின் (கூட்டுக் கோரிக்கை மனுவின்) பிரதி, அமைச்சரோடு நின்று எடுத்த படம், பத்திரிகைத் துண்டு எல்லாம் இருக்கும். முடிவைக் கொண்டுவந்த ஆவணத்தின் இலக்கமும் திகதியும் மட்டும் இருக்காது. சில அலுவல்களில் அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

2025 மார்ச் 28 ஆம் திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானியை, அதாவது அரசின் அதிகாரபூர்வ அறிவித்தல் ஏட்டை, நினைத்துப் பாருங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் வந்த அறிவித்தல் அது. இலங்கையின் வடக்கில் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர், அதில் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்குரியது என்பது அதன் சாரம். போரில் காணி உறுதியைத் (உரிமைப் பத்திரத்தை) தொலைத்தவர்களும், முதுசக் காணியை விட்டு வெளிநாடு போனவர்களும் நிறைந்த மண்ணில் மூன்று மாதம் எந்த மூலைக்குக் காணும்? அது ஊர்ப்பேச்சாக மாறவே வாரக்கணக்காயிற்று. ஜூன் இறுதியில், தவணை முடிகிற நேரத்தில், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. அரசும் வர்த்தமானியை மீளப் பெற்றது. மக்களின் எதிர்ப்பு அழுத்தம் கொடுத்தது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீதிமன்றத்தின் முன் போன மனு அந்த இலக்கத்தையும் அந்தப் பிரிவையும் பிடித்துக்கொண்டு போனது. அது இல்லாமல் தடை உத்தரவு என்ற பேச்சே எழுந்திருக்காது.

மகஜருக்கு என்ன நடக்கிறது என்று ஒருதரம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கொடுத்தால் திகதி முத்திரை விழும். கோவையில் சேரும். "தேவையான நடவடிக்கைக்காக" என்று ஒரு முகக்கடிதம் வைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கேயும் ஒரு கோவை. "எமது மக்களுக்கு நீதி வேண்டும்" என்று எழுதிய கடிதத்துக்கு எந்த அதிகாரியாலும் பதில் முடிவு எடுக்க ஏலாது. எந்தச் சட்டத்தின் எந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி எதை மாற்றச் சொல்கிறீர்கள் என்று அதில் இல்லை. அரசாங்க அதிபரிடம் இல்லாத அதிகாரத்தை அவரிடமும், ஆளுநரிடம் இல்லாததை ஆளுநரிடமும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருப்பதில் பயன் இல்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒருவர் உங்கள் பிரச்சினையை உரத்துக் கதைத்தார் என்பதாலும் வர்த்தமானியில் ஓர் எழுத்துக்கூட மாறாது. மகஜர் கொடுத்தால் தவணை நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. ஒரு நாளும் நிற்காது!

கொள்கை உருவாகும் வழி வேறு. அமைச்சொன்றின் பிரிவில் யாரோ ஒருவர் வரைவு எழுதுகிறார். அது அமைச்சரவைப் பத்திரமாகிறது, திறைசேரியின் அவதானிப்பு சேர்கிறது, அமைச்சரவை அங்கீகரிக்கிறது. பிறகு சட்ட வரைஞர், சட்டமா அதிபர், வர்த்தமானி, கடைசியில்தான் பாராளுமன்றம். நீங்கள் எம்பியைப் பிடிக்கிற நேரத்தில் பெரும்பாலும் எல்லாம் இறுகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வரும் அழுத்தமும் உண்டு: 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டின் கடப்பாடுகளில் ஒன்று. பாராளுமன்றத்துக்கே போகாத கொள்கைகளோ ஏராளம். முதலாம் தர அனுமதியை ஆளுவது கல்வி அமைச்சின் சுற்றுநிருபம். பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்கவில்லை என்றான பிறகுதான் பெற்றோர் அதைத் தேடுகிறார்கள்.

சட்டமூலம் என்றால் இன்னும் அவசரம். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) ஏறியதிலிருந்து உயர் நீதிமன்றத்தில் சவால் செய்யக் கிடைப்பது எண்ணிய சில நாள்களே. சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால் அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. அரசியலமைப்பின் 80(3) உறுப்புரை அந்தக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. மாகாணசபை நிரலில் (மாகாணங்களுக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில்) உள்ள விடயம் என்றால் சட்டமூலத்தை மாகாணசபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். 2012 இல் திவிநெகும என்ற வாழ்வாதார மேம்பாட்டுத் திட்டத்துக்கான சட்டமூலத்தில் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. வடக்கில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது என்றும் சொன்னது. அப்போதைய அரசு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு 2013 ஜனவரியில் அதை நிறைவேற்றிக்கொண்டது வேறு விடயம். 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்ததிலிருந்து மறுபடியும் நமக்கென்று கருத்துச் சொல்ல ஒரு சபை இல்லை. இந்த இழப்பின் கனம் பலருக்கு இன்னும் உறைக்கவில்லை என்பது உண்மையில் வருத்தம் தருகிறது.

நேரத்துக்குச் சொன்னால் கேட்கிறார்களா? கேட்ட இடங்கள் உண்டு. 2025 ஜனவரியில் மின்கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்றது மின்சார சபை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணந்தோறும் கருத்துக் கேட்டபின் 20 சதவீதம் குறைத்தது. கடலடியை வாரிச் செல்லும் வலையால் மீன்பிடிக்கும் இழுவை மடித் தொழிலைத் தடைசெய்த 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தனியார் உறுப்பினர் ஒருவரின் சட்டமூலமாக வந்தது. வடக்குக் கடற்றொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு அங்கே சட்டத்தின் வாசகமாக மாறியது. அமுலாக்கம் எப்படி நடக்கிறது என்று கரையோரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது தனிப் போராட்டம்.

ஆகவே தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். வார வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும், அதிவிசேட வர்த்தமானி எந்த நாளும் வரலாம். அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஊர்ச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், ஆலய பரிபாலன சபை எதுவானாலும் ஒரு இளைஞரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். தமிழ்ப் பிரதி பிந்தினால் அதற்காகக் காத்திராமல் சிங்களப் பிரதியை வாசிப்பித்துக் கேளுங்கள். கடிதம் எழுதினால் முதல் வரியில் வர்த்தமானி இலக்கம், திகதி, பிரிவு. அடுத்து உங்கள் கிராம சேவையாளர் பிரிவும் நில அளவைப் படத் துண்டு இலக்கமும். பிறகு கேட்பது ஒன்றே ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆவணம் வேண்டுமானால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. "தரமாட்டினம்" என்று வாயால் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரே ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால் விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அதன் அலுவலகம் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்குள்ள தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே அனுப்பி, பதிவுசெய்து முடிய அற்றோணித் தத்துவத்துக்கே (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்துக்கே) வாரக்கணக்காகும். வர்த்தமானி வந்தபின் தொடங்கினால் மூன்று மாதம் அதிலேயே கரையும். நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு, குறித்த காணிக்கு மட்டும், குறித்த அதிகாரத்தோடு இப்போதே எழுதிக் கொடுங்கள். உறுதியின் பிரதி உங்களிடம் இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் தேடியெடுக்கவும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.