‘டெம்பரேச்சர் 70-ஐத் தாண்டவே இல்லையே!’: ஓவர்கிளாக் செய்கிறவர்கள் கவனத்துக்கு

“டெம்பரேச்சர் எழுபதைத் தாண்டினதே இல்ல சார், அப்புறம் எப்படி பிராசசர் போகும்?” ஓவர்கிளாக் செய்து, அதாவது பிராசசரைத் தொழிற்சாலை வேகத்துக்கு மேல் ஓட்டி, கெட்டுப்போன கணினியோடு எங்களிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தால் விடை கண்முன்னே இருக்கும். கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி) வோல்டேஜ் 1.45, ஃபிக்ஸட் மோடு (எப்போதும் அதே அளவு), லோட் லைன் காலிபரேஷன் (வேலை கூடும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கும் அமைப்பு) உச்சத்தில். கூலரில் ஒரு குறையும் இருக்காது.

பிராசசருக்கு வெப்பம் ஓர் எல்லை, வோல்டேஜ் வேறோர் எல்லை. வெப்பத்துக்குக் காவல் உண்டு. இன்டெல்லின் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான, ஓவர்கிளாக் செய்ய வசதியுள்ள கே வகைச் சிப்புகள் 100 டிகிரியைத் தொட்டதும் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும். நீங்கள் கையால் எழுதிவைக்கும் வோல்டேஜுக்கு இப்படியொரு நம்பகமான காவல் கிடையாது. சிப்புக்குள் இருக்கும் மிக மெல்லிய கம்பிகளில் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் உலோக அணுக்களே இடம்பெயரும். டிரான்சிஸ்டரின் மின்காப்புப் படலம் நலிந்துகொண்டே போகும். வெப்பம் இதை விரைவாக்கும் என்பது உண்மைதான். அதற்காக, 65 டிகிரியில் வைத்திருந்தால் இது நடக்காது என்று எண்ணாதீர்கள். நடக்கும்.

இது எப்படி வெளியே தெரியும்? 5.1 கிகாஹெர்ட்ஸ், 1.40 வோல்ட்டில் சில மாதம் ஒழுங்காக ஓடும். ஒருநாள் கேம் நடுவில் ப்ளூ ஸ்கிரீன். 1.42 ஆக்கினால் சரியாகிவிடும். கொஞ்ச நாளில் மறுபடியும் வரும், 1.44 ஆக்குவார்கள். கடைசியில் தொழிற்சாலை வேகத்திலேயே நிற்காது. நோயைக் கொடுத்ததையே மருந்து என்று ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

ஊரறிந்த உதாரணங்கள் இரண்டு. 2023-இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ ப்ரொஃபைலை ஆன் செய்ததும் சில மதர்போர்டுகள், பிராசசருக்குள் ரேம் கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாக உயர்த்தியிருந்தன. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அடுத்து இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள். ஓவர்கிளாக்கே செய்யாதவர்களுக்கும் கணினி நிலைகுலைந்தது. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருளுக்கான திருத்தம்), சிப்பு 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே நலிந்த சிப்பை அதனால் மீட்க முடியவில்லை. இந்த வகைச் சிப்பு வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்யாமல் ஓவர்கிளாக் பக்கமே போகாதீர்கள்.

இன்னொரு தப்புக்கணக்கும் அடிக்கடி வருகிறது: “ரைசன் 5000 தானாகவே 1.45 வோல்ட் போகுதே, அதையே நான் போட்டா என்ன?” அது போவது லேசான வேலையில், ஓரிரு கோர்களுக்கு, மின்னோட்டம் குறைவாக உள்ளபோது. எல்லா கோரும் முழு வேகத்தில் ஓடும்போது அதே சிப்பு தானாகவே 1.2, 1.3 பக்கம் இறங்கிவிடும். 1.45-ஐ ஃபிக்ஸடாக எல்லா கோருக்கும் வைத்தால் அந்தத் தற்காப்பை நீங்களே பிடுங்கி எறிகிறீர்கள்.

கணக்கையும் பாருங்கள். மின்திறன், வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 4.5-இலிருந்து 5.0 கிகாஹெர்ட்ஸுக்குப் போக 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் 11 சதவீதம் கூடும், வெப்பமோ சுமார் 40 சதவீதம்.

ஆகவே வோல்டேஜுக்கு உச்சவரம்பை முதலில் முடிவு செய்யுங்கள், வேகத்தை அப்புறம் தேடுங்கள். அன்றாடம் ஓடும் கணினிக்கு, லோடில், அதாவது முழு வேலையின்போது, அளந்த நிஜ வோல்டேஜ் இன்டெல்லில் 1.35-ஐத் தாண்ட வேண்டாம். ரைசன் 5000-இல் எல்லா கோருக்கும் சேர்த்து 1.25 போதும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ‘விஐடி’ என்று தெரிவது சிப்பு கேட்கும் வோல்டேஜ். உண்மையில் கிடைப்பது ‘விகோர்’. அதைப் பாருங்கள்.

ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மல்டிப்ளையரை (அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) மட்டும் ஒவ்வொரு படியாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றுங்கள். பிசிஎல்கே எனும் அந்த அடிப்படை வேகம் 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் என்ற டெஸ்ட் மென்பொருள் பத்து நிமிடம். தடுமாறினால் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டுங்கள், வரம்பைத் தொட்டதும் ஒரு படி இறங்கி நிறுத்துங்கள். லோட் லைன் காலிபரேஷன் நடு அளவில் இருந்தால் போதும். உச்சத்தில் வைத்தால் லோட் விடுபடும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். மென்பொருள் ஓரிரு வினாடிக்கு ஒருமுறைதான் அளக்கிறது என்பதால் அந்தத் துள்ளல் உங்கள் கண்ணில் படவே படாது.

கடைசியில் ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற கனமான டெஸ்ட் மென்பொருள் சில மணி நேரம். வெப்ப எல்லைக்கு 10, 15 டிகிரி கீழே நிற்க வேண்டும். குளிர்ந்த அறையில் 80 காட்டினால், அறை 12 டிகிரி சூடாகும் நாளில் 92 காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். திரை உறையவில்லை என்பதால் பாஸ் என்று முடிவு கட்டாதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ‘வியா’ (WHEA, விண்டோஸ் பதிவுசெய்யும் வன்பொருள் பிழை) ஒன்று விழுந்தாலும் அது ஃபெயில்தான்.

கூலரைப் பற்றிச் சுருக்கமாக: அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், உரிக்காமல் மாட்டியது இன்னும் வருகிறது. தெர்மல் பேஸ்ட் பிராசசரின் நடுவில் பட்டாணி அளவு. திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். லிக்விட் கூலரில் பம்ப் இருக்கும் இடம் ரேடியேட்டரின் உச்சிக்கு மேலே போகக் கூடாது, போனால் காற்றுக்குமிழி பம்பில் வந்து தங்கும். பிராசசர் குளுகுளுவென்றிருக்க மதர்போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் 100 டிகிரியில் வெந்துகொண்டிருக்கலாம், அந்த எண்ணையும் கவனியுங்கள்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபிக்ஸட் ஓவர்கிளாக்கை விட்டுவிட்டு, பிபிஓவை (ரைசனே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி) ஆன் செய்து, கோருக்கான வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10 போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் குறையும், வெப்பம் குறையும், வேகம் பெரும்பாலும் தானே ஏறும். இது தடுமாறினால் கனமான டெஸ்டில் பெரும்பாலும் தெரியாது. சும்மா பிரௌசர் திறந்திருக்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகும். அப்போது எந்தக் கோர் என்று பார்த்து அதை மட்டும் மைனஸ் 5-க்குக் கொண்டுவாருங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து. டெஸ்ட் நடக்கும் நாள்களில், உங்கள் படங்களும் வேலை ஃபைல்களும் இருக்கும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். தடுமாறும் பிராசசர் தப்பான கணக்கைச் சத்தமில்லாமல் டிஸ்கில் எழுதிவைக்கும். பிராசசரை மாற்றிக்கொள்ளலாம், அந்த ஃபைல்களை எங்களாலும் மீட்டுத்தர முடிவதில்லை.