குழலுக்குப் பிடித்த குண்டு

காற்றுத் துப்பாக்கியின் வழக்கமான குண்டான பெல்லட் உடுக்கை வடிவம் கொண்டது. இடை ஒடுங்கியிருக்கும், பின்பகுதி பாவாடைபோல விரிந்து உள்ளே குடைவாக இருக்கும். கனமெல்லாம் தலையில் இருப்பதால், இறகுப்பந்தைப் போலத் தலையை முன்வைத்தே பறக்கும். 50 மீட்டர் வரை அருமையான வடிவம். அதைத் தாண்டினால் அந்தப் பாவாடையே பகையாகிவிடுகிறது. குண்டைத் தடுமாறாமல் காக்கும் அதே பாகம் அதன் வேகத்தையும் தின்கிறது.

ஸ்லக் என்ற இன்னொரு வகைக் குண்டில் அந்த இடை கிடையாது. கூம்பிய முனையுடைய குட்டையான ஈய உருளை அது. காற்றைக் கிழித்துச் செல்லும் திறனைக் குறிக்கும் பாலிஸ்டிக் குணகம் நல்ல பெல்லட்டுக்கு 0.035 அளவில் இருந்தால், நல்ல ஸ்லக்குக்கு 0.08ஐ எட்டும். இதன் பலன் பக்கக்காற்றில்தான் பளிச்சென்று தெரியும். குண்டு விலகும் தூரத்தை முடிவு செய்வது அது பறக்கும் மொத்த நேரம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காற்றின் தடையால் ஏற்படும் தாமதம்தான் கணக்கு. நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, தடையே இல்லாவிட்டால் 100 மீட்டரை 0.36 நொடியில் கடக்கும். பெல்லட்டுக்கு ஏறக்குறைய 0.44 நொடி ஆகிறது, ஸ்லக்குக்கு 0.39. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பக்கக்காற்று வீசினால் பெல்லட் 24 செ.மீ. விலகும்; ஸ்லக் 10 செ.மீ.க்குள் நிற்கும்.

இதைப் பார்த்ததும் இருப்பதிலேயே கனமான, நீளமான ஸ்லக்கை வாங்கத் தோன்றும். குணகம் பெரிதென்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்களே! ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்லக்கை நேராக வைத்திருக்கப் பாவாடை கிடையாது. பம்பரத்தைப்போலச் சுழன்றால்தான் அது நிமிர்ந்து நிற்கும். சுழற்சியைத் தருபவை குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்கள். குண்டு நீளமானால் சுருள் நெருக்கமாக இருக்க வேண்டும். 1879இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், ஒரு முழுச் சுற்றுக்கான குழல் நீளம் கிடைக்கும். 5.5 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. நீளமும் உள்ள ஸ்லக்குக்கு 567 மி.மீ.க்கு ஒரு சுற்று போதும், 10 மி.மீ. நீளமென்றால் 454 மி.மீ. வேண்டும். தோராயம்தான், ஆனால் எந்தக் குழலுக்கு எது கட்டுப்படாது என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

அப்படியானால் சுருளை மிக நெருக்கமாக வைத்துவிட்டால் போதாதா? அதற்கும் விலை உண்டு. ஸ்லக்கின் எடைமையம் நடு அச்சிலிருந்து 0.01 மி.மீ. விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 450 மி.மீ. சுருளில் சுழன்று வெளியேறும்போது அந்த அற்பப் பிழை 100 மீட்டரில் 14 மி.மீ. விலகலாக வளர்கிறது. எந்தப் பக்கம் விலகும் என்பது, குண்டு எந்தப் பக்கமாகத் திரும்பிக் குழலில் நுழைந்தது என்பதைப் பொறுத்தது. சுருள் நெருங்க நெருங்க விலகலும் கூடும். வார்ப்பில் குறையுள்ள குண்டு வேகமாகச் சுழன்றால் குறையும் வேகமாக வெளிப்படும்.

என் கணிப்பில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது விட்டம். பெல்லட்டின் மெல்லிய பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும்; சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லக்கின் உடல் தடிப்பு, அவ்வளவாக வளைந்துகொடுக்காது. அதனால்தான் ஒரே 5.5 மி.மீ. ரகத்திலும் 5.49, 5.51, 5.54 என்று தனித்தனி அளவுகளில் விற்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராத வேறுபாடு! தளர்ந்தால் காற்று கசியும், குண்டு சாய்ந்து நுழையும். இறுகினால் வேகம் குறையும், ஈயம் சிராய்க்கும். பெல்லட்டுக்காகச் சில குழல்களின் வாயைச் சற்று ஒடுக்கியிருப்பார்கள். அந்த ஒடுக்கம் சில ஸ்லக்குகளுக்கு ஒத்துவராது. அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட்ட துப்பாக்கியில், ஒரு ஸ்லக்கைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே ஆழத்தில் கோடுகள் பதிந்திருந்தால் பொருத்தம் சரி. ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தால் அடுத்த அளவுக்குப் போகலாம்.

வேகத்தை ஒலியின் வேகமான 340 மீட்டருக்கு நன்றாகக் கீழே, 270 முதல் 300 வரை வைப்பது பாதுகாப்பான பழக்கம். ஒலியை நெருங்கினால் குண்டைச் சுற்றிய காற்றோட்டம் குலைகிறது. வேகத்தின் அளவைவிட அதன் ஒழுங்கு முக்கியம். 100 மீட்டரில் ஸ்லக் முக்கால் மீட்டர் கீழிறங்குகிறது. வேகம் ஒரு சதவீதம் மாறினாலே 1.5 செ.மீ. மேலோ கீழோ படும். கனமான ஸ்லக்கை இந்த வேகத்துக்குத் தள்ள நிறையக் காற்று வேண்டும் என்பதால், சுருள்வில் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த ஆட்டத்தில் இல்லை.

சோதிக்கும்போது மூன்று குண்டுகள் ஒரே ஓட்டையில் விழுந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பத்துப் பத்தாகச் சுடுங்கள். சுத்தம் செய்த குழலில் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே மெல்லிய ஈயப் பூச்சு மீண்டும் படியும்வரை அது நிலைகொள்ளாது. பொருத்தமான ஸ்லக் கிடைத்துவிட்டால், டப்பாவின் அடியில் இருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு அதே தொகுதியில் கூடுதலாக வாங்கி வையுங்கள். குண்டுக்கு வடிவம் தரும் அச்சு தேய்ந்து மாற்றப்பட்டால், அதே பெயருள்ள அடுத்த டப்பா வேறொரு குண்டாக இருக்கக்கூடும்.