மரபணு சிகிச்சை யாருக்குக் கிடைக்கும்? நோயின் பெயர் போதாது, மரபணுவின் பெயர் வேண்டும்

பரம்பரையாக வரும் பார்வையிழப்புக்கு லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017 டிசம்பர் 19 அன்று அதை அனுமதித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஆணையமும் அனுமதித்தது. கேள்விப்பட்டவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எனக்கும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாதான், எனக்குக் கிடைக்குமா?" அமெரிக்க அனுமதி வாசகம் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. ஆர்பிஇ65 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை இருப்பது உறுதியாகியிருக்க வேண்டும். விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருப்பதாகச் சிகிச்சை தரும் மருத்துவர் கருத வேண்டும்.

விழித்திரைச் செல்கள் மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோயான ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்பது ஏறக்குறைய ஒரு குடும்பப் பெயர். அதற்குக் காரணமாகும் மரபணுக்கள் 60-க்கும் மேல். குழந்தையிலேயே தெரியும் லெபர் பிறவிப் பார்வையிழப்பிலும் 20-க்கு மேல். ஆர்பிஇ65 அவற்றில் ஒன்று. ஒளி பட்டதும் வடிவம் மாறிவிடும் வைட்டமின் ஏ மூலக்கூறைத் திரும்பப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் நொதியை அது உருவாக்குகிறது. அந்த நொதி இல்லாவிட்டால் செல் உயிரோடு இருந்தும் ஒளியை உணராது. நோய் தராத ஒரு வைரஸின் கூட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து அனுப்புவதுதான் சிகிச்சை. வேறு மரபணுவில் பிழை உள்ளவருக்கு இதே மருந்தைப் போட்டால், வேறு பூட்டுக்குச் சாவி கொடுத்த கதைதான்.

ஆகவே முதல் வேலை மரபணுப் பரிசோதனை. அறிக்கையை வாங்கிப் பையில் வைத்துவிடாமல் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கண்டுபிடித்த மாற்றத்தைப் பரிசோதனைக் கூடம் 'நோய்க் காரணம்' என்று சொல்கிறதா, 'முடிவு செய்ய இயலாத மாற்றம்' என்று சொல்கிறதா? பின்னது இருந்தால் நிபந்தனை நிறைவேறவில்லை. இன்னொன்று, பலருக்கும் பிடிபடாதது. இரண்டு மாற்றங்கள் தெரிந்தாலும் அவை இரண்டும் ஒரே பிரதியில் இருந்தால் மற்ற பிரதி நன்றாகத்தான் இருக்கிறது என்று பொருள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வந்திருந்தால்தான் இரு பிரதிகளும் பழுது. இதைத் தெளிவாக்கப் பெற்றோரின் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்வார்கள். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பார்க்காதீர்கள், அதில்தான் முடிவு தொங்குகிறது.

இரண்டாவது நிபந்தனைதான் காலத்தோடு ஓட்டப் பந்தயம். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் தடிமன் பார்ப்பார்கள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், விழித்திரையின் பின்பகுதியில் 100 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள இடம் இருப்பதும் தகுதிகளில் ஒன்றாக இருந்தது. செல் செத்துவிட்ட இடத்தில் மரபணுவைக் கொடுத்து எதுவும் ஆகாது. ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கு இந்த மருந்து பரிந்துரைக்கப்படவில்லை.

சிகிச்சை முறை இது: ஒரு கண்ணுக்கு 0.3 மில்லி, அறுவை அரங்கில், விழித்திரைக்கு அடியில். இரண்டு கண்களுக்கும் ஒரே நாளில் போடக் கூடாது, குறைந்தது 6 நாள் இடைவெளி வேண்டும். மூன்று நாள் முன்பிருந்தே ஸ்டீராய்டு மாத்திரை. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் இருக்கும் காற்றுக் குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது, மலைப் பிரதேசமும் கூடாது.

என்ன பலன்? ஆய்வில் தடைகள் வைத்த ஒரு பாதையில் நடக்கச் சொன்னார்கள், வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தபடி. ஒரு வருடம் கழித்து, சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் மிக மங்கலான 1 லக்ஸ் வெளிச்சத்திலும் தடுமாறாமல் நடந்து தேறினார்கள். சிகிச்சை பெறாத குழுவில் ஒருவரும் அந்த அளவுக்கு வரவில்லை. மாலை மங்கியதும் சுவரைத் தடவும் ஒருவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் முழுப் பார்வை திரும்பும் என்று அனுமதி வாசகத்தில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்பவரிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள்.

கண்ணைப் போலவே பிறவிக் காது கேளாமையிலும் மரபணு சிகிச்சையை முயன்று வருகிறார்கள். அங்கே பேச்சு ஓடிஓஎஃப் மரபணுவைப் பற்றியது. உள்காதின் மயிர்ச் செல் ஒலியை உணர்ந்தாலும், அதை நரம்புக்குக் கைமாற்ற ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் வேண்டும். அந்த மரபணு ஒரு வைரஸ் கூட்டுக்குள் அடங்காத அளவு நீளம், அதனால் இரண்டாகப் பிரித்து இரண்டு கூடுகளில் அனுப்புகிறார்கள். 2024 ஜனவரியில் சீன ஆய்வொன்றின் முடிவு வந்தது: ஒரு காதில் மட்டும் மருந்து பெற்ற 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கும் திறன் கூடியது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இங்கே ஒன்று உண்டு. ஓடிஓஎஃப் பிழையோடு பிறந்த குழந்தை, காதிலிருந்து வரும் எதிரொலியை அளக்கும் பச்சிளங்குழந்தைப் பரிசோதனையில் 'தேர்ச்சி' பெற்றுவிடலாம், ஏனென்றால் அந்த எதிரொலியை எழுப்பும் செல்களுக்குக் கோளாறு இல்லை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு, காகிதத்தில் 'தேர்ச்சி' என்றிருந்தாலும், மூளைத்தண்டு வரை சமிக்ஞை போகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். காக்ளியர் இம்பிளாண்ட் (கேட்க உதவ உள்காதில் பொருத்தும் மின்கருவி) வைத்த காதை இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதற்காக இம்பிளாண்ட்டை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு, பேச்சு கற்கும் வயது காத்திருக்காது. ஒரு காதுக்கு இம்பிளாண்ட், மறு காது ஆய்வுக்கு என்ற வழியையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆய்வில் சேர்வது உங்கள் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையும் உண்டு. ஆனால் மரபணு சிகிச்சையில் விலகுவது என்றால் பின்தொடர் சோதனைகளுக்குப் போகாமல் நிற்பதுதான், உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. இவ்வகை வைரஸ் கூட்டுக்கு 5 ஆண்டு வரை கண்காணிப்பு வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டல். ஒருமுறை பெற்றவர் உடலில் அந்த வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகிவிடும் என்பதால் அடுத்த ஆய்வின் கதவு மூடிவிடலாம்.

ஆய்வில் சேரப் பணம் கட்டச் சொன்னால் சந்தேகப்படுங்கள். 2017-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையின்படி, புளோரிடாவில் ஆளுக்கு 5,000 டாலர் கட்டிக் கண்ணில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தார்கள். அந்தச் சிகிச்சை அரசின் ஆய்வுப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்ததுதான் கொடுமை. பதிவேட்டில் பெயர் இருப்பது அனுமதி ஆகாது.

லக்ஸ்டர்னாவுக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். அரிய நோய் மருந்து என்பதால் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே 7 ஆண்டு தனி விற்பனை உரிமையும் இருந்தது, அது 2024-இல் முடிந்தது. இங்கிலாந்தில் 2019 முதல் பொதுச் சுகாதாரச் சேவை இதை ஏற்றிருக்கிறது. உங்கள் நாட்டில் யார் செலவை ஏற்பார்கள் என்று கேட்கப் போகும்போதும் முதலில் நீட்ட வேண்டியது அந்த மரபணு அறிக்கையைத்தான். அதில் 'முடிவு செய்ய இயலாத மாற்றம்' என்றிருந்தால் ஓரிரு வருடம் கழித்து அதே கூடத்திடம் மறு ஆய்வு கேளுங்கள். புதிய தரவு சேர்ந்ததும் வகைப்பாடு மாறுவது உண்டு.