பிள்ளையை இரண்டு மாவாகப் பிரிக்க முடியாது

மன்னார்குடிப் பக்கம் குறுவைக்கு ஏடிடி 36 நெல் போடலாமா, ஏடிடி 43 போடலாமா என்று சந்தேகம் வந்தால் வழி சுலபம். ஒரு மா நிலத்தில் இது, பக்கத்து மாவில் அது. அறுப்பு முடிந்ததும் மூட்டையை எண்ணிவிடலாம்.

ஆறு வயதுப் பையன் ஒருவன் பாடத்தின் நடுவே ஓயாமல் எழுந்து ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருந்தால் ஸ்டிக்கர் தரலாம் என்கிறார் ஒரு டீச்சர். எந்தப் பாடம் முதலில் என்பதை அவனே சொல்லட்டும் என்கிறார் இன்னொருவர். நூறு பிள்ளைகளின் சராசரி இவனைப் பற்றி அதிகம் சொல்லாது. இவனை இரண்டு மாவாகப் பிரிக்கவும் முடியாது.

அதனால் நடத்தை ஆய்வாளர்கள் நிலத்துக்குப் பதில் காலத்தைப் பாத்தி கட்டுகிறார்கள். முதல் சில நாள் எதையும் மாற்றாமல், அரை மணி நேரத்தில் எத்தனை தடவை எழுந்தான் என்று மட்டும் எண்ணுவார்கள். அப்புறம் ஒரு வகுப்பில் ஸ்டிக்கர், ஒரு வகுப்பில் அவன் விருப்பம் என்று மாற்றி மாற்றி வரும். வரிசையைக் காசு சுண்டி முடிவு செய்யலாம். ஒரே முறை தொடர்ந்து மூன்று தடவை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போதும் ஸ்டிக்கர்தான் என்று வைத்தால், அவன் உட்கார்ந்தது ஸ்டிக்கராலா உண்ட மயக்கத்தாலா என்று தெரியாமல் போகும். 1979இல் உளவியலாளர்கள் டேவிட் பார்லோவும் ஸ்டீவன் ஹேய்ஸும் இந்த 'மாறி மாறி வரும் சிகிச்சை' ஆய்வு வடிவத்தை விளக்கி எழுதினார்கள்.

எழுந்த எண்ணிக்கையை வரைந்தால், முறைக்கு ஒன்றாக வரைபடத்தில் இரண்டு கோடு. நடுவே தெளிவான இடைவெளி விழுந்தால் கீழே போகும் கோடுதான் ஜெயித்தது. பெரும்பாலும் கண்ணால் பார்த்தே தீர்ப்பு சொல்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு: கோடுகள் நெருங்கினால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

இன்னொரு தொல்லை, வரப்புக் கசிவு. யூரியா போட்ட வயலின் தண்ணீர் கசிந்தால் பக்கத்து வயலும் பச்சை கட்டும். அதுபோல ஸ்டிக்கர் வகுப்பின் உற்சாகம் அடுத்த வகுப்புக்கும் ஒட்டிக்கொண்டு வரலாம். ஸ்டிக்கருக்குச் சிவப்புப் பாய், விருப்பத்துக்குப் பச்சைப் பாய் என்று அடையாளம் வைத்தால் இப்போது எது நடக்கிறது என்பது பையனுக்குத் தெரியும். கடைசியில் ஜெயித்த முறையை மட்டும் தனியாக ஓட்டிப் பார்ப்பதும் உண்டு.

சரி, ஓடுவதை நிறுத்துவதற்குப் பதில் வாசிக்கக் கற்றுத் தருவதென்றால்? ஒரு முறையில் கற்ற சொல்லை அழித்துவிட்டு அடுத்த முறையில் மறுபடி கற்பிக்க முடியாது. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும், சம கடினத்தில். 'மரம்', 'படம்' ஒரு பக்கமும் 'வைக்கோல்', 'கொள்ளிடம்' மறுபக்கமும் போனால் போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது இந்த ஒரு பையனுக்கான பதில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.